லண்டன் வழியாக ஐரோப்பா: அந்த வழி 2020-லேயே அடைபட்டுவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், இனி நம் சரக்கு வரியில்லாமல் லண்டனில் இறங்கி அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் போகலாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. தாராவி, சயான், செம்பூர் பக்கம் தோல் பை, ரெடிமேட், மசாலா அனுப்பும் நம் மக்களில் பலரும் இப்படித்தான் நம்பி ஆர்டர் பேசுகிறார்கள். இந்த நம்பிக்கையால் கைப்பணம் போகும் என்பதால் இந்தக் கடிதம். நவசேவா துறைமுகம் வழியாகப் போகும் சரக்குகளுக்கு ஆவண வேலை பார்ப்பவர்கள் என்ற முறையில், பணம் எந்த இடத்தில் போகிறது, என்ன செய்தால் போகாது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பிரிட்டன் 2016 ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு நடத்தி, 51.9 சதவீத ஆதரவுடன் வெளியேறும் முடிவை எடுத்தது. 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. ஆனால் சரக்குக்கு உண்மையில் எல்லை விழுந்தது அந்த ஆண்டு டிசம்பர் 31 இரவுதான். அதுவரை இடைக்காலம் என்று பழைய விதிகளே ஓடின. மறுநாளிலிருந்து நடைமுறைக்கு வந்த பிரிட்டன்-ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தில் ‘வரியும் இல்லை, ஒதுக்கீட்டு வரம்பும் இல்லை’ என்று பெரிதாகச் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் பிரிட்டனில் அல்லது ஒன்றியத்தில் ‘உருவான’ சரக்குக்கு மட்டும்தான் அது உண்மை. இந்தியாவில் தைத்த சட்டை பெலிக்ஸ்டோ துறைமுகத்தில் வரி கட்டி இறங்கினாலும், டோவரைத் தாண்டும்போது அது இந்தியச் சட்டைதான். ஒன்றியத்தின் கஸ்டம்ஸ் அதற்கு இரண்டாம் முறை வரி கேட்கும். ஜெர்மனியில் செய்து இங்கிலாந்துக் கிடங்குக்குக் கொண்டுவந்த மிட்டாயை, ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்தின் கடைக்குத் திருப்பி அனுப்பினால்கூட வரி விழும் என்று 2021 ஜனவரியில் அங்கே பெரிய பேச்சாக இருந்தது. ஐரோப்பாவிலேயே செய்த பொருளுக்கு இந்தக் கதி என்றால் நம் சரக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பருத்திச் சட்டை ஒரு லாட். விலை, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து பெலிக்ஸ்டோவில் மதிப்பு 10,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சலுகை எதுவும் இல்லாத பொது விகிதம் ஆயத்த ஆடைக்கு இரு பக்கமும் 12 சதவீதம். பிரிட்டனில் சுங்கவரி 1,200 பவுண்டு. வரியும் சேர்ந்த 11,200-க்கு 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி), 2,240. வாட் பெரிய தொல்லையில்லை. அங்கே பதிவுபெற்ற இறக்குமதியாளர் துறைமுகத்தில் ரொக்கமாகக் கட்டாமல் தன் வாட் கணக்கிலேயே வரவு-செலவாகக் காட்டிக்கொள்ளும் முறை 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. சுங்கவரி அப்படித் திரும்பாது. இப்போது சரக்கை வாங்கிய அந்த பிரிட்டிஷ் பையர் லாட்டில் பாதியை டப்ளின் கடை ஒன்றுக்கு அனுப்புகிறார். தன் லாபம், கிடங்குச் செலவு எல்லாம் ஏற்றி 8,000 பவுண்டுக்கு இன்வாய்ஸ் போடுகிறார். அயர்லாந்து கஸ்டம்ஸ் நம் பழைய விலையைப் பார்க்காது. அந்த 8,000-க்கு 12 சதவீதம், 960 பவுண்டு கேட்கும். அதே பாதி லாட்டுக்கு பெலிக்ஸ்டோவில் ஏற்கெனவே 600 கட்டியாகிவிட்டது. ஆக 1,560 பவுண்டு. நாம் 5,000 பவுண்டுக்குக் கொடுத்த சரக்கின் மேல் 31 சதவீத வரி. பிரிட்டன் உள்ளே இருந்த காலத்தில் இதே விகிதத்தில் 600-தான் மொத்தமும்.

இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தம் 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனில் கையெழுத்தானது. நம் ஏற்றுமதியில் சுமார் 99 சதவீத வரி இனங்களுக்கு அது சுங்கவரியை நீக்குகிறது. அதன்படி மேலே சொன்ன 600 பூஜ்யம் ஆகும்போது கணக்கு என்ன ஆகிறது? டப்ளினில் கட்ட வேண்டிய 960 அப்படியே நிற்கும். அதே பாதி லாட்டை மும்பையிலிருந்து நேராக அயர்லாந்துக்கு அனுப்பியிருந்தால் நம் விலையான 5,000-க்கு 12 சதவீதம், 600 பவுண்டோடு முடிந்திருக்கும். அதாவது பிரிட்டனில் வரியே இல்லாவிட்டாலும் லண்டனைச் சுற்றிப் போவது நஷ்டம். தங்கள் கட்டுரை கவனிக்கத் தவறியது இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்துடன் நம் நாடு 2007-ல் தொடங்கி, 2013-ல் நின்று, 2022-ல் மீண்டும் தொடங்கிய பேச்சு முற்றிலும் வேறு. ஒன்றில் கிடைக்கும் சலுகையை மற்றதன் எல்லையில் காட்ட முடியாது.

இங்கிலாந்தில் கொஞ்சம் வேலை செய்து ‘மேட் இன் யுகே’ ஆக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டன்-ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தில் ‘போதாத வேலை’ என்று ஒரு பட்டியலே இருக்கிறது: லேபிள் ஒட்டுவது, பெட்டி மாற்றுவது, தரம் பிரிப்பது, துணிக்கு இஸ்திரி போடுவது எல்லாம் அதில் அடங்கும். ஆடைக்குப் பொதுவான விதி இன்னும் கடினம். நம் துணியை லெஸ்டரில் வெட்டித் தைத்தால் மட்டும் அது பிரிட்டிஷ் ஆடை ஆகிவிடாது. நெசவும் தையலும் இரண்டும் அங்கே நடக்க வேண்டும், பின்னலாடை என்றால் பின்னலும் தையலும். துணியை மட்டும் இங்கிருந்து அனுப்புகிறவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அங்கே தைத்து விற்கும் பையரின் ஐரோப்பிய ஆர்டர் குறைந்தால் அடுத்து குறைவது நம் துணி ஆர்டர்தான்.

இனி செய்ய வேண்டியவை. ஆர்டர் பேசும்போதே பையரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சரக்கு கடைசியாக எந்த நாட்டில் விற்கப்படும் என்பது. விலையும் டெலிவரி தேதியும் பேசிவிட்டு இதைக் கடைசியில் கேட்பதால்தான் பாதிக் குழப்பம். ஒன்றியத்துக்குப் போகும் பங்கை அங்கேயே தனியாகப் பிரித்துத் தனி இன்வாய்ஸ், தனி பேக்கிங் லிஸ்ட், தனி பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) போட்டு ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப், ஹாம்பர்க் போன்ற துறைமுகத்துக்கு நேராக அனுப்புங்கள். ஒரு கன்டெய்னர் நிறையாத சின்ன லாட் என்றால் கூட்டுக் கன்டெய்னரில் கட்டணம் கொஞ்சம் கூடும். இரட்டை வரியோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. அயர்லாந்துக்கு இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து போகும் லாரி வழியை நம்பியிருந்தவர்களுக்கும் மாற்று வந்துவிட்டது: பிரான்சின் டன்கர்க்கிலிருந்து அயர்லாந்தின் ராஸ்லேருக்கு நேரடி லாரிக் கப்பல் 2021 ஜனவரியிலிருந்தே ஓடுகிறது.

பங்கு பிரிக்க முடியாது, சரக்கு முதலில் இங்கிலாந்துக் கிடங்குக்குத்தான் போக வேண்டும் என்று பையர் பிடிவாதம் பிடித்தால், அது கஸ்டம்ஸ் அனுமதி பெற்ற பாண்டட் கிடங்காக இருக்கட்டும். அங்கே சரக்கு வரி கட்டாமல் நிற்கும். இங்கிலாந்தில் விற்கும் பகுதிக்கு மட்டும் வரி கட்டி எடுத்துக்கொண்டு, மீதியை அப்படியே மறு ஏற்றுமதி செய்யலாம். கிடங்கிலிருந்து ஐரோப்பாவுக்கு டி1 என்னும் டிரான்சிட் தாளில் போகும். பிரிட்டன் வெளியேறினாலும் பொது டிரான்சிட் உடன்படிக்கையில் தனி உறுப்பினராகச் சேர்ந்துகொண்டதால் இந்த வசதி தப்பியது. ஆனால் இதில் தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, சரக்குக்கு வரி கட்டி விடுவித்த பிறகு டி1 கேட்பது. அப்போது கட்டிய வரி கட்டியதுதான். இரண்டாவது, போய்ச் சேரும் கஸ்டம்ஸ் அலுவலகத்தில் டி1 தாளை முடித்து வைக்காமல் டிரைவர் நேராகக் கடைக்குப் போய் இறக்கிவிடுவது. டி1-க்குக் கெடு உண்டு, சீல் உண்டு, பின்னால் ஒரு வங்கி உத்தரவாதம் உண்டு. தாள் முடியவில்லை என்றால் முழு வரியும் வாட்டும் அந்த உத்தரவாதத்திலிருந்து வசூலாகும். பிறகு பையர் தன் பாக்கியில் நம்மிடம் பிடிப்பார்.

உற்பத்தி நாட்டுச் சான்றிலும் பழைய பழக்கம் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வளரும் நாட்டுச் சலுகை இன்னும் பொருந்தும் பொருளுக்கு, ரெக்ஸ் என்னும் ஏற்றுமதியாளர் பதிவின் எண்ணுடன் நாமே இன்வாய்ஸில் எழுதும் அறிக்கை வேண்டும்; 6,000 யூரோவுக்கு மேற்பட்ட லாட்டுக்கு அந்தப் பதிவு கட்டாயம். பிரிட்டன் ரெக்ஸை ஏற்பதில்லை. 2023 ஜூனிலிருந்து அது நடத்தும் தன் சொந்தச் சலுகைத் திட்டத்தில் ஃபார்ம் ஏ என்னும் உற்பத்தி நாட்டுச் சான்று அல்லது அவர்கள் சொல்லும் வாசகத்தில் ஒரு அறிக்கை. ஒரே வாசகத்தை இரண்டு இன்வாய்ஸிலும் நகலெடுத்து ஒட்டினால் ஏதோ ஒரு பக்கம் சலுகை போய்விடும். இன்னொன்றும் உண்டு: பிரிட்டனில் வரி கட்டி விடுவித்த சரக்கு, ஒன்றியத்துக்குப் போகும்போது இந்தியாவுக்கு உரிய சலுகையையும் சேர்த்தே இழக்கிறது. வழியில் கஸ்டம்ஸ் கண்காணிப்பிலேயே இருந்திருந்தால்தான் அது பிழைக்கும். எந்தப் பொருளுக்கு இன்னும் சலுகை மிச்சம் இருக்கிறது என்பது அடிக்கடி மாறுவதால், ஒவ்வொரு லாட்டுக்கும் அனுப்பும் முன் பார்ப்பதே சரி.

டிடிபி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ‘எல்லா வரியும் உங்கள் செலவு, சரக்கு என் வாசலில்’ என்று பிரிட்டிஷ் பையர் கேட்பது ஜெர்மனிக்கோ பெல்ஜியத்துக்கோ என்றால், இறக்குமதியாளராக யார் பெயர் போகிறது என்று பாருங்கள். ஒன்றியத்தில் இறக்குமதி செய்ய அங்கே பெற்ற ஈஓஆர்ஐ என்னும் சுங்கப் பதிவு எண் வேண்டும். ஜிபி என்று தொடங்கும் பிரிட்டிஷ் எண் அங்கே செல்லாது. ஒன்றியத்துக்குள் நிறுவனம் இல்லாதவர் மறைமுகப் பிரதிநிதி ஒருவரை வைத்துத்தான் டிக்ளரேஷன் போட முடியும். வரிக்கு அந்தப் பிரதிநிதியும் சேர்ந்து பொறுப்பாவதால் பல ஏஜென்டுகள் மறுக்கிறார்கள், அல்லது பெரிய டெபாசிட் கேட்கிறார்கள். சரக்கு துறைமுகத்தில் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறிக் கிடப்பது பெரும்பாலும் இங்கேதான். இந்த விஷயத்தில் லண்டன் கம்பெனியும் தாராவிக் கம்பெனியும் ஒன்றுதான். இரண்டுமே மூன்றாம் நாட்டுக்காரர்கள். எஃப்ஓபி (கப்பலில் ஏற்றுவது வரை நம் பொறுப்பு) அல்லது டிஏபி (சரக்கைக் கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பு, இறக்குமதி வரி பையர் பொறுப்பு) என்று எழுதி வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

வடக்கு அயர்லாந்து தனிக் கதை. அது பிரிட்டனின் பகுதி; ஆனால் அயர்லாந்துத் தீவுக்குள் சோதனைச் சாவடி வரக்கூடாது என்பதால் சரக்கு விஷயத்தில் ஒன்றியத்தின் விதிகளே அங்கே ஓடுகின்றன. 2023-ல் வந்த வின்ட்சர் ஏற்பாடு இங்கிலாந்திலிருந்து பெல்பாஸ்ட் போகும் சரக்கில், அங்கேயே விற்பதற்குப் பச்சைப் பாதை, ஒன்றியத்துக்குள் போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை என்று பிரித்தது. நம் சரக்கு நேராக பெல்பாஸ்ட் போனால் எக்ஸ்ஐ என்று தொடங்கும் ஈஓஆர்ஐ வேண்டும். பிரிட்டனின் வரி குறைவாகவும் ஒன்றியத்தின் வரி கூடுதலாகவும் இருக்கும் பொருள், தெற்கே கசியக்கூடும் என்று கருதப்பட்டால் ஒன்றியத்தின் விகிதமே விழும். புதிய ஒப்பந்தத்தால் நம் ஆடைக்கு பிரிட்டிஷ் வரி பூஜ்யமானால் இந்த இடைவெளி விரிவடையும். ‘யுகே’ என்று மட்டும் ஆர்டரில் இருப்பதைப் பார்த்து விலை சொல்லிவிடாதீர்கள். ஊர் பெயரைப் படியுங்கள்.

லேபிளில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம் என்று சொல்லலாம். சீயக்காய்த் தூள், கூந்தல் எண்ணெய், மூலிகை சோப்பு எல்லாம் அழகுப் பொருள் சட்டத்தில் வரும். பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் முகவரியும் பாக்கெட்டிலேயே இருக்க வேண்டும்: பிரிட்டனுக்கு பிரிட்டனில் இருப்பவர், ஒன்றியத்துக்கு ஒன்றியத்தில் இருப்பவர். பொருள் விவரத்தைப் பதிவு செய்யும் அரசுத் தளமும் இரண்டு. 2024 டிசம்பர் 13-லிருந்து நடைமுறைக்கு வந்த ஒன்றியத்தின் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி, இதே மாதிரி பொறுப்பாளர் முகவரியை பை, பொம்மை, வீட்டுச் சாமான் என்று உணவல்லாத பெரும்பாலான பொருளுக்கும் கேட்கிறது. லண்டனின் ஈஸ்ட் ஹாம் முகவரி மட்டும் அச்சிட்ட அட்டைப்பெட்டியைப் பாரிசின் லா சப்பல் கடைக்கு அனுப்பினால் அது செல்லாது. இரண்டு முகவரிக்கும் இடம் விட்டு ஒரே பெட்டியில் அச்சிடலாம், விதி தடுப்பதில்லை. பத்தாயிரம் பெட்டி அச்சான பிறகு ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட அது எவ்வளவோ மலிவு.

கறிவேப்பிலை, மசாலா போன்றவற்றுக்கு எல்லைப் பரிசோதனைப் பட்டியலும் இரண்டாகிவிட்டது. ஒன்றியம் 2019/1793 என்ற விதியில் எந்த நாட்டின் எந்தப் பொருளை எவ்வளவு அடிக்கடி சோதிப்பது என்று வைத்திருக்கிறது. இந்தியக் கறிவேப்பிலை அதில் உண்டு. பிரிட்டன் அந்த விதியின் நகலை எடுத்துக்கொண்டு தன் போக்கில் திருத்துகிறது. லண்டனில் பாஸான லாட் என்பது பாரிசில் ஒரு வாதமே ஆகாது.

சாயம், ரசாயனம் அனுப்பும் மும்பைக் கம்பெனிகளுக்கு விழுந்த அடி கண்ணுக்குத் தெரியாதது. ஒன்றியத்தின் ரீச் என்னும் ரசாயனப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய, வெளிநாட்டு உற்பத்தியாளர் தன் சார்பில் ஒரு தனிப் பிரதிநிதியை நியமிக்கலாம். ஆங்கிலத்தில் பேச வசதி என்று பிரிட்டனில் பிரதிநிதி வைத்திருந்தவர்கள் 2020 முடிவதற்குள் பதிவை ஒன்றியத்துக்குள் இருக்கும் ஒருவருக்கு மாற்றியிருக்க வேண்டும். மாற்றாத பதிவு அன்றோடு செல்லாமல் போனது. பிரிட்டனுக்கு இப்போது யுகே ரீச் என்று தனிப் பதிவு, தனிக் கட்டணம். போல்ட், நட்டு, அலுமினியம் அனுப்புகிறவர்களுக்கு அடுத்து வருவது, பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்காகப் போடும் கார்பன் எல்லை வரி. ஒன்றியத்தில் 2026 ஜனவரியிலிருந்து அது கணக்கில் ஏறுகிறது. பிரிட்டன் தன்னுடையதை 2027 ஜனவரியிலிருந்து தொடங்குகிறது. ஒரே உலை, ஒரே நிலக்கரி. கணக்கு மட்டும் இரண்டு படிவத்தில்.

வணிகச் சின்னத்துக்கு மட்டும் நல்லபடியாக வழி செய்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 1-க்கு முன் ஒன்றியத்தில் பதிவான சின்னங்களுக்குப் பிரிட்டன் தானாகவே, கட்டணமின்றி, ஒரு நகல் பதிவு கொடுத்தது. அதன் பிறகு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒன்றியப் பதிவு பிரிட்டனில் காப்பு தராது. பழைய பதிவு வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும் தேதியை இரண்டு இடத்திலும் குறித்து வையுங்கள். ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது தானாகப் புதுப்பிக்கப்படாது.

பிரிட்டனுக்குள்ளேயே நடந்ததையும் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து மீனும் இறாலும் பிரான்சுக்குப் போகும் லாரியில் பல வியாபாரிகளின் பெட்டிகள் கலந்திருக்கும். ஒவ்வொருவர் சரக்குக்கும் அரசு அங்கீகரித்த கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்று, போய்ச் சேரும் நாட்டின் மொழியிலும், அச்சு மையின் நிறத்தில் இல்லாத வேறு நிற மையில் கையெழுத்து. ஒருவர் தாளில் ஒரு பிழை என்றால் லாரி முழுக்க நிற்கும்; உயிர் மீன் காத்திருக்காது. 2021 ஜனவரியில் சிறு வியாபாரிகள் அடிவாங்கியது இதில்தான். சான்றுக்கும் டிக்ளரேஷனுக்கும் ஆகும் செலவு 500 பவுண்டு பெட்டிக்கும் முழுக் கன்டெய்னருக்கும் ஏறக்குறைய ஒன்றே. பெரிய கம்பெனி அதைத் தாங்கிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒரு கிளை திறந்துவிடும். சின்னவர் ஐரோப்பாவுக்கு விற்பதையே நிறுத்திவிடுவார். படிவம் குறையும், கட்டுப்பாடு போகும் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு முடிவு, சிறு வியாபாரி தலையில் இரட்டைப் படிவமாக இறங்கியது என்பது எங்கள் உறுதியான கருத்து. பிரிட்டிஷ் அரசின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகமே, உள்ளே இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட நாட்டின் உற்பத்தித் திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும், ஏற்றுமதியும் இறக்குமதியும் சுமார் 15 சதவீதம் குறையும் என்று கணித்துத்தான் கணக்குப் போடுகிறது. ஒன்றியத்திலிருந்து வரும் உணவுக்குத் தன் எல்லையில் சோதனை வைப்பதை அந்த அரசு பலமுறை தள்ளிப்போட்டு 2024-ல்தான் தொடங்கியது. 2025 மே மாதம் லண்டன் கூட்டத்தில், உணவு, தாவர விதிகளில் மீண்டும் ஒன்றியத்தோடு ஒத்துப்போகும் ஒப்பந்தத்துக்குப் பேசச் சம்மதித்தது. அது வந்தாலும் மருத்துவர் சான்று குறையுமே தவிர, நம் சட்டைக்கான சுங்கவரி எல்லை அப்படியே இருக்கும்.

தங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு இரண்டு தளங்களின் பெயரை வெளியிட வேண்டுகிறோம். பிரிட்டனுக்கு அரசின் ‘டிரேட் டாரிஃப்’, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ‘ஆக்சஸ் டு மார்க்கெட்ஸ்’. இரண்டும் இலவசம். சரக்கை வகைப்படுத்தும் ஹெச்எஸ் குறியீட்டின் முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்றே. அதன் பிறகு வரும் இலக்கங்களை நம் ஷிப்பிங் பில்லிலிருந்து அப்படியே எடுத்துப் போடாமல் அந்தந்தத் தளத்திலேயே தேட வேண்டும். உற்பத்தி நாடு என்று கேட்கும் இடத்தில் இந்தியா என்று கொடுங்கள். சரக்கு லண்டனில் கிடந்தாலும் அந்தக் கட்டத்துக்குப் பதில் அதுதான்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணப் பணியில் இருக்கும் தமிழர்கள் சிலர்,
செம்பூர், மும்பை